அடையாளத் திருட்டு அன்று, ஆள்மாறாட்டம்

'அடையாளத் திருட்டு' என்றொரு சொல்லாட்சி நம் நாளிதழ்களிலும் வங்கி விளம்பரங்களிலும் இன்று தாராளமாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டோம். அச்சொல் யாருக்கு நன்மை செய்கிறது, யார் தலையில் சுமையை ஏற்றுகிறது என்று ஒரு கணமும் எண்ணிப் பார்த்தோமில்லை. அதனை ஏற்க நாம் மறுக்கிறோம். மொழித்தூய்மை இம்மறுப்புக்குக் காரணமன்று. அச்சொல்லுக்குள் ஒரு பெரும் பொய் பொதிந்திருக்கிறது. அப்பொய்யால் எளிய மனிதர் பலர் அல்லற்படுகின்றனர். அமெரிக்க வருமான வரி முறையில் ஆண்டுதோறும் நிகழும் ஓர் அநீதியைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம். அந்நாட்டில் வாழும் தமிழர் பல்லாயிரவர். நம் வகுப்பறைகளில் பயின்று சென்றோரும் அவருள் உளர். ஆதலின் இஃது நமக்குத் தொடர்பற்ற ஊர்வம்பு ஆகாது.

நிகழ்வதை முதலில் தெளிவுபடுத்துவோம். அமெரிக்காவில் சம்பளம் பெறுவோரிடம் ஆண்டு முழுவதும் சம்பளத்திலேயே வரி பிடித்தம் செய்யப்படுகிறது. ஆண்டு முடிந்ததும், சனவரி இறுதியில் தொடங்கி ஏப்ரல் 15-க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பிடித்தம் மிகுதியாக இருந்தால், 'ரீஃபண்ட்' என்று வழங்கும் மீள்தொகையை அரசு திருப்பிச் செலுத்தும். நியூ ஜெர்சியிலோ டெக்சாசிலோ வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உட்கார்ந்து கணக்கை முடித்து, கணினி வழியே அனுப்புகிறார்கள். ஓரிரு நாளில் விடை வருகிறது: நிராகரிக்கப்பட்டது. காரணமும் கூறப்படுகிறது. அவர்களுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணில் அவ்வாண்டுக்கான கணக்கு முன்னரே வந்து சேர்ந்துவிட்டதாம். முகமறியாத ஒருவன் பிப்ரவரித் தொடக்கத்திலேயே அவ்வெண்ணைக் கொண்டு, இல்லாத சம்பளத்தையும் இல்லாத பிடித்தத்தையும் எழுதி, மீள்தொகையைத் தன் கணக்குக்கு வரவழைத்துக்கொண்டு மறைந்துவிட்டான்.

களவு போனது யாருடைய பொருள்? பணம் போனது அரசின் கருவூலத்திலிருந்து. ஏமாந்தது வரித்துறையின் கணினி. ஏமாற்றியவன் ஒரு கயவன். இவ்விரு தரப்புக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் நம் குடும்பத்துக்கு யாதொரு பங்கும் இல்லை. அவர்கள் அங்கே இருக்கவும் இல்லை. ஆயினும், 'உங்கள் அடையாளம் திருடப்பட்டுவிட்டது' என்று அவர்களிடம்தான் சொல்லப்படுகிறது. இந்த ஒரு வாக்கியத்தில் கருவூலத்தின் இழப்பு குடிமகனின் இழப்பாக உருமாறிவிடுகிறது. விசாரியாமல் பணத்தை எடுத்து நீட்டியவரின் குற்றம் மறைந்துபோகிறது. ஒன்றும் அறியாதவர், தம் உடைமையைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் ஆகிறார்.

தமிழில் இச்செயலுக்கு வேறொரு சொல் உண்டு: ஆள்மாறாட்டம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் 416-ஆம் பிரிவில் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல் என்றே இக்குற்றத்தை வகுத்தது. இச்சொல்லில் குற்றவாளி யார், ஏமாந்தவர் யார் என்னும் இரண்டும் தெளிவாக நிற்கின்றன. தேர்வுக் கூடத்தில் பணியாற்றும் நம்மைப் போன்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒரு மாணவன் அறியாமலேயே வேறொருவன் அவன் பெயரைச் சொல்லி உள்ளே புகுந்து அமர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உரிய மாணவன் நுழைவுச் சீட்டோடு வாசலில் வந்து நிற்கிறான். 'உன் இடத்தில் முன்னரே ஆள் உட்கார்ந்துவிட்டது, நீ நீதான் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாண்டு பொறுத்திரு' என்று அவனைத் திருப்பி அனுப்புவோமா? அனுப்பினால் நம்மை யார்தாம் மன்னிப்பார்? அங்கே விளக்கம் சொல்ல வேண்டியவர் பொய்யனை உள்ளே விட்ட கண்காணிப்பாளர். அமெரிக்க வரிமுறையிலோ விளக்கம் சொல்லும் கடமை வாசலில் நிற்பவனுக்கு.

உரிமை கோருபவனே சான்று காட்டவேண்டும் என்பது நம் இலக்கியம் நன்கறிந்த நெறி. பெரியபுராணத்தில் நம்பியாரூரரைத் தம் அடிமை என்று வழக்குரைத்து வந்த முதியவரை, திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அவர் சொல்லை வைத்து மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றனர். மூல ஓலை வந்தபின்னும் அமையாமல், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே தீர்ப்புரைத்தனர். வந்தவர் இறைவனே ஆயினும் நடைமுறையில் தளர்வு இல்லை. ஒப்புநோக்க வேறோர் ஆவணம் வேண்டும். அது வரும் வரை தீர்ப்பு நிற்க வேண்டும். அமெரிக்க வரித்துறை நெடுங்காலம் கைவிட்டிருந்தது இந்த எளிய நெறியைத்தான்.

எவ்வாறு எனக் காண்போம். இன்னாருக்கு இவ்வளவு சம்பளம் தந்தோம், இவ்வளவு வரி பிடித்தோம் என்று வேலை தருவோர் அரசுக்கு அனுப்பும் சான்று டபிள்யூ-2. பல ஆண்டுகளாக இச்சான்றுகளை அரசுக்கு அனுப்பப் பிப்ரவரி இறுதி வரையிலும், கணினி வழி எனில் மார்ச் இறுதி வரையிலும் அவகாசம் இருந்தது. மீள்தொகையோ அதற்கு முன்பிருந்தே வழங்கப்பட்டுக்கொண்டிருந்தது. அஃதாவது, ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய ஓலை வருவதற்கு முன்னரே தீர்ப்பும் முடிந்து பணமும் போய்விடும். முதலில் வருபவனுக்கே வெற்றி என்னும் இம்முறையில், நேர்மையாளன் சான்றுக்காகக் காத்திருப்பான். சான்றே வேண்டாத பொய்யன் முந்திக்கொள்வான். இதற்குத் திருடனின் சாமர்த்தியமும் தேவையில்லை, நாள்காட்டி ஒன்று போதும்.

விளைவு என்ன? வரி நிர்வாகத்தைக் கண்காணிக்கும் கருவூலத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் 2,100 கோடி டாலர் வரை இத்தகைய பொய்க் கணக்குகளுக்கு வழங்கப்பட்டுவிடக்கூடும் என அது மதிப்பிட்டது. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் ஒரே முகவரியிலிருந்து 2,137 கணக்குகள் வந்தன என்றும், அவற்றுக்காக 33 இலட்சம் டாலருக்கு மேல் மீள்தொகை சென்றது என்றும் அதில் கண்டிருந்தது. ஒரே வீட்டில் 2,137 பேர் குடியிருக்க முடியுமா என்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் கேட்டிருப்பார். அக்கணினி கேட்கவில்லை. இதனை அந்த 2,137 பேரின் கவனக்குறைவு என்று எவரேனும் கூறத் துணிவரோ?

அடுத்து, 'திருடப்பட்டது' எனப்படும் அந்த எண்ணின் வரலாற்றையும் பார்த்துவிடுவோம். சமூகப் பாதுகாப்பு எண் 1936-இல் வழங்கப்படத் தொடங்கியது. தொழிலாளரின் சம்பளக் கணக்கைக் குறித்துவைத்து முதுமைக்கால ஊதியத்தைக் கணக்கிடுவது ஒன்றே அதன் நோக்கம். 1946 முதல் 1972 வரை வழங்கிய அட்டைகளில், இஃது அடையாளங்காட்டுவதற்கு உரியதன்று என்றே அச்சிட்டிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அதே அரசின் வரித்துறை அவ்வெண்ணைத் தன் பதிவேட்டுக்கு எடுத்துக்கொண்டது. வங்கிகளும் மருத்துவமனைகளும் பின்தொடர்ந்தன. அது மறைபொருளாக எக்காலத்தும் இருந்ததில்லை. 1938-இல் நியூயார்க் மாநிலத்துப் பணப்பை நிறுவனம் ஒன்று, பையில் அட்டை எவ்வாறு பொருந்தும் எனக் காட்டுவதற்காகத் தன் அலுவலகப் பெண்மணி ஒருவரின் உண்மையான எண்ணையே மாதிரி அட்டையில் அச்சிட்டு விற்றது. 1943-இல் 5,755 பேர் அவ்வெண்ணைத் தமது எண்ணாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தனர்; 1977-இல்கூட 12 பேர் மிஞ்சியிருந்தனர்.

இவ்வெண் ஒரு பெயர். பலர் அறிந்தால்தான் பெயருக்குப் பயன். திறவுகோலோ ஒருவர் மட்டுமே வைத்திருக்க வேண்டியது. ஊருக்கெல்லாம் தெரிந்த பெயரையே வீட்டுச் சாவியாகவும் ஆக்கிவிட்டு, 'உன் பெயரை ஏன் பிறர் அறியவிட்டாய்' என்று கடிந்துகொள்வது எந்த ஊர் நியாயம்?

'அடையாளத் திருட்டு' என்னும் சொல்லுக்கு ஆதரவாகச் சிலர் ஒரு வாதம் கூறுவர். 1998-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்துக்கு முன்பு, பணம் இழந்த வங்கியும் வணிகருமே பாதிக்கப்பட்டோராகக் கருதப்பட்டனர். பெயர் கெட்டுத் தவித்த தனிமனிதருக்குச் சட்டத்தில் இடமே இல்லாதிருந்தது. அச்சட்டமே அவரையும் பாதிக்கப்பட்டவராக ஏற்றது என்பது அவ்வாதம். உண்மைதான். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் நடந்தது என்ன? பாதிக்கப்பட்டவர் என்னும் பட்டம் வந்தபோது, தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளும் வேலையும் அவர் தலையில் வந்து விழுந்தது. பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பிலிருந்து நிறுவனங்கள் நழுவிக்கொண்டன.

வேறு சிலர், மக்கள் எச்சரிக்கையாக இருந்தால் இத்தொல்லை வராது என்பர். தாள்களைக் கிழித்துப் போடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், அறியாத மின்னஞ்சலைத் திறவாதீர்கள் என்று உபதேசம் செய்வர். இவை நல்ல பழக்கங்களே. ஆனால் 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 2 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் கவரப்பட்டன. 2017-இல் ஈக்விஃபேக்ஸ் என்னும் கடன்மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. அந்நிறுவனத்திடம் தம் விவரத்தைத் தாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்களில் எத்தனை பேர்? வீட்டுத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் இவை தடுக்கப்பட்டிருக்குமா?

வரித்துறையின் கதவே உடைபட்டதுண்டு. பழைய வரிக் கணக்கின் நகலைக் கணினியில் எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்றை அத்துறை வைத்திருந்தது. தனிப்பட்ட கேள்விகள் சிலவற்றுக்கு விடை கூறினால் நகல் கிடைக்கும். கயவர்கள் வேறிடங்களில் கவர்ந்த விவரங்களைக் கொண்டு அவ்விடைகளைச் சரியாகச் சொல்லி நகல்களை எடுத்துவிட்டனர். 2015 மே மாதத்தில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்குகள் இதற்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று 2016-இல் தெரிந்தது. கணினி வழித் தாக்கலுக்குச் சென்ற ஆண்டு வருமானத் தொகையைச் சான்றாகக் கேட்பார்கள். அத்தொகை அந்த நகலில்தானே இருக்கிறது! பாதிக்கப்பட்டோரைக் காக்கவென்று ஆறிலக்க மறை எண் ஒன்றை அத்துறை வழங்கிவந்தது. அதனைக் கணினியில் மீட்டெடுக்கும் வசதியும் இதே கேள்வி-விடை முறையில் அமைந்திருந்ததால், 2016 மார்ச்சில் அதனையும் நிறுத்த நேர்ந்தது. தகவல் என்பது சான்றாகாது என்னும் பாடத்தை ஓர் அரசு இதைவிடப் பெரிய விலை கொடுத்துக் கற்க முடியாது.

கற்றுக்கொண்டபோது பயன் விளைந்தது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 2015-இல் இயற்றிய சட்டத்தால், 2017 முதல் வேலை தருவோர் சம்பளச் சான்றை சனவரி 31-க்குள் அரசுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சிலவகை மீள்தொகைகளைப் பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் வழங்குவதும் தடுக்கப்பட்டது. ஒரே வங்கிக் கணக்குக்கு மூன்று மீள்தொகைக்கு மேல் நேரடியாகச் செலுத்துவதில்லை என்னும் வரம்பும் 2015 தாக்கல் காலத்தில் வந்தது. அவ்வாண்டுகளில் பாதிக்கப்பட்டோர் தொகை பெருமளவு குறைந்தது. மக்கள் திடீரென்று எச்சரிக்கையானவர்களாக மாறிவிட்டார்களா? இல்லை, கருவூலத்தின் கதவு சற்றே சாத்தப்பட்டது. பூட்ட வேண்டிய கதவு யாருடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் அகப்பட்டுக்கொண்டவர் நிலை இன்னும் இரங்கத்தக்கதாகவே இருக்கிறது. இத்தகைய வழக்குகளை 120 நாளில் முடிப்பதே நோக்கம் என்று துறை சொல்லிவந்தது. துறைக்குள்ளேயே வரிசெலுத்துவோர்க்காக வாதாடும் தேசிய வழக்காடுநர் 2024-இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை, சராசரியாக 22 மாதங்களுக்கு மேல் ஆகிறது என்றும், ஏறத்தாழ 5 இலட்சம் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்றும் கூறிற்று. பொய்யனுக்கு மூன்று வாரம், உரியவனுக்கு 22 மாதம்! மீள்தொகையை நம்பி வாடகை பாக்கியை வைத்திருக்கும் குறைந்த வருவாய்க்காரர் இந்த 22 மாதத்தை எங்ஙனம் கடப்பார்? நம்மவர்க்கு இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டுக்கடனுக்கு வரிக்கணக்கின் நகல் கேட்பார்கள். குடியுரிமை பெற்ற மகன் ஊரிலிருக்கும் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால், அங்கும் வரிக்கணக்கைக் காட்டியாக வேண்டும். பதிவேட்டில் நிற்பதோ எவனோ எழுதிய பொய்க்கணக்கு.

சொல்லைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கையில், துன்பத்தில் இருப்போர் செய்யவேண்டியதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. கணக்கு நிராகரிக்கப்பட்டால் முதலில் எண்களைத் தட்டச்சுப் பிழைக்காகச் சரிபார்க்க வேண்டும். பிள்ளைகளின் எண்ணை உறவினர் எவரேனும் தம் கணக்கில் சேர்த்திருப்பதும் உண்டு. 2025 தாக்கல் காலம் முதல், பிள்ளைகளின் எண் வேறொரு கணக்கில் இடம்பெற்றிருந்தாலும், தாக்கல் செய்வோரின் ஆறிலக்க மறை எண்ணோடு அனுப்பினால் கணினி ஏற்றுக்கொள்கிறது. தாக்கல் செய்பவரின் சொந்த எண்ணே முன்னர்ப் பயன்பட்டிருந்தால், கணக்கைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, படிவம் 14039 என்னும் உறுதிமொழியை இணைத்து அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏப்ரல் 15, அல்லது நிராகரிப்பு அறிவிப்பிலிருந்து 10 நாள், இவற்றுள் பிந்தியது காலக்கெடு. கட்ட வேண்டிய வரி இருப்பின் அதனைக் கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பது வட்டியைத் தடுக்காது. 5071சி போன்ற எண்ணிட்ட மடல் துறையிலிருந்து முன்னரே வந்திருந்தால், 14039-ஐ அனுப்பாமல் அம்மடல் கூறும் வழியிலேயே விடையளிக்க வேண்டும். மூன்று கடன்மதிப்பீட்டு நிறுவனங்களிலும் கணக்கை முடக்கிவைப்பதற்கு 2018 முதல் கட்டணம் இல்லை. மறை எண்ணை 2021 முதல் எவரும் கேட்டுப் பெறலாம். பெற்றுக்கொள்க என்றே நாமும் சொல்வோம். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் நகலும் அஞ்சல் சான்றும் கையில் இருக்கட்டும். பணமுடை மிகுந்து குடும்பம் தவிக்குமாயின், படிவம் 911 வழியே வழக்காடுநர் அலுவலகத்தை நாடலாம்.

இவ்வளவையும் செய்யுங்கள். ஆனால் இவற்றைச் செய்வது நம் குற்றத்துக்குக் கழுவாய் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மறை எண் நன்றே. எனினும் அது வேண்டுவோர் கேட்டுப் பெறும் பொருளாகத்தான் இருக்கிறது. கேளாதவர் வீட்டுக்குப் பூட்டில்லை. விரைவாக மீள்தொகை வேண்டும் என்று கேட்டவர்கள் மக்கள்தாமே, சரிபார்த்தால் காலம் பிடிக்காதா என்று சிலர் வினவக்கூடும். பிடிக்கட்டும். எல்லோரும் இரண்டு வாரம் பொறுப்பதா, அறியாத சிலர் இரண்டாண்டு தவிப்பதா என்பதே கேள்வி. விரைவின் பயனை எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, அதன் விலையை மட்டும் அகப்பட்டவரிடம் வசூலிப்பது அறமாகாது.

நாம் கேட்பது மூன்று. ஒரே எண்ணில் இரண்டு கணக்குகள் வந்தால், முந்தியது மெய், பிந்தியது பொய் என்னும் முன்முடிவைக் கைவிட்டு இரண்டையும் ஏற்று, ஒப்பிட்டுத் தீர்க்க வேண்டும். பிள்ளைகள் விடயத்தில் 2025-இல் இயன்றது, பெற்றோர் விடயத்தில் ஏன் இயலாது? ஊரறிந்த எண்ணைத் திறவுகோலாகக் கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். ஏமாந்தது துறையே என்னும் உண்மையை ஏற்று, துறை தானே சொன்ன 120 நாளுக்குள் உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதை அமெரிக்க அரசிடம் கேட்க வேண்டியதில்லை. செய்தி எழுதுவோரும், மொழிபெயர்ப்போரும், வகுப்பில் பாடம் சொல்வோரும் இனி இக்குற்றத்தை அதன் உண்மைப் பெயரால் அழைக்கலாம். 'இன்னாரின் அடையாளம் திருடப்பட்டது' என்று எழுதும் இடத்தில், 'இன்னாரின் பெயரைச் சொல்லி வந்தவனிடம் இந்த நிறுவனம் ஏமாந்தது' என்று எழுதிப் பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது படிப்பவர்க்கு உடனே விளங்கும்.